மூன்று அடுக்கு, மூன்று உருகுநிலை

கத்தியை வைத்து அழுத்தியதுமே மேலடுக்குச் சாக்லேட் படக்கென்று உடைந்து கோணல்மாணலாகச் சிதறுகிறது. நடுவில் இருந்த பீனட் பட்டர் நான்கு பக்கமும் பிதுங்குகிறது. அடியில் பிரௌனி மட்டும் ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கிறது. சாக்லேட்–பீனட் பட்டர் அடுக்கு பிரௌனியை வீட்டில் செய்து பார்க்கும் பலருக்கு முதல் தடவை இப்படித்தான் முடியும். ருசியில் குறை இருக்காது. ஆனால், படத்தில் பார்த்தபடி கோடு கிழித்ததுபோல் மூன்று அடுக்கு வராது.

அளவில் பிழை இல்லை, அவனிலும் கோளாறு இல்லை என்றால் மிச்சமிருப்பது வெப்பநிலைதான். இந்தப் பலகாரத்தில் வெண்ணெய், கடலை எண்ணெய், கோகோ வெண்ணெய் என மூன்று கொழுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் உருகுவதும் உறைவதும் வெவ்வேறு வெப்பநிலையில். அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் மே மாதத்துச் சென்னையிலும் அடுக்கு கலையாமல் செய்யலாம்.

அமெரிக்காவில் சேர்ந்த ஜோடி

பிரௌனி அமெரிக்கச் சரக்கு. 1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, மகளிரின் மதிய உணவுப் பெட்டிக்குள் அடங்குகிற சின்ன இனிப்பு ஒன்று வேண்டும் என்று பெர்த்தா பால்மர் கேட்டார், தங்கள் சமையல்காரர்கள் பிரௌனியைச் செய்துகொடுத்தார்கள் என்று அந்நகரின் பால்மர் ஹவுஸ் ஹோட்டல் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. பாஸ்டனில் சமையல் பள்ளி நடத்திய ஃபேனி ஃபார்மர், தம் புகழ்பெற்ற சமையல் புத்தகத்தின் 1906-ஆம் ஆண்டுப் பதிப்பில் சாக்லேட் பிரௌனிக்குச் செய்முறை எழுதினார்.

பீனட் பட்டரின் கதை கனடாவையும் தொடுகிறது. வறுத்த நிலக்கடலையை அரைத்து விழுதாக்கும் முறைக்கு மான்ட்ரியாலைச் சேர்ந்த மார்செல்லஸ் கில்மோர் எட்சன் 1884-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால், அரைத்து வைத்த விழுதில் எண்ணெய் மேலே மிதந்து, அடியில் சக்கை இறுகிவிடும். 1920-களில் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் என்பவர் எண்ணெயின் ஒரு பகுதியை ஹைட்ரஜனேற்றம் செய்து, அது பிரியாமல் இருக்க வழி கண்டார். அதே பத்தாண்டில், 1928-இல், பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் ஹாரி பர்னெட் ரீஸ் பீனட் பட்டரைச் சாக்லேட் கிண்ணத்துக்குள் அடைத்து விற்றார். அன்று சேர்ந்த ஜோடி இன்றுவரை பிரியவில்லை.

மூன்று அடுக்கு பிரௌனிக்கு நேர் மூதாதை ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறது. அம்மாநில மரமான பக்கையின் கொட்டை, பழுப்பு நிறத்தில், ஒரு பக்கம் வெளிறிய வட்டத்தோடு இருக்கும். பீனட் பட்டர் உருண்டையை, உச்சியில் ஒரு வட்டம் மட்டும் தெரியும்படி விட்டுச் சாக்லேட்டில் முக்கி எடுத்தால் அச்சு அசல் அந்தக் கொட்டைதான். அதே உருண்டைக் கலவையை பிரௌனிமேல் பரப்பி, அதன்மேல் சாக்லேட் ஊற்றினால் பக்கை பிரௌனி. இந்தக் கட்டுரை சொல்வதும் அதைத்தான்.

சாக்லேட்டும் கடலையும் ஏன் இவ்வளவு ஒத்துப்போகின்றன? இரண்டும் வறுபட்டவை. கோகோ விதையை நொதிக்கவிட்டு, காயவைத்து, வறுக்கிறார்கள். கடலையை நேராக வறுக்கிறோம். வறுபடும்போது அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து பைரசீன் என்ற வேதிப்பொருள் குடும்பத்தை உண்டாக்குகின்றன. கடலை வறுபடும்போது தெருமுனைவரை வரும் வாசனையில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான். சாக்லேட்டின் மணத்திலும் இதே குடும்பத்தார் இருக்கிறார்கள். கூடவே ஒரு சிட்டிகை உப்பு. உப்பு கசப்பை அமுக்குவதால்தான் மற்ற சுவைகள் மேலெழுகின்றன என்பதை ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்து விஞ்ஞானிகள் 1997-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கோகோவின் கசப்பு ஒரு படி இறங்கினால் இனிப்பு தானாக ஒரு படி ஏறும்.

அடியடுக்கு: தண்ணீருக்கு நடக்கும் போட்டி

20 சென்டிமீட்டர் சதுர டின்னுக்கான அளவு இது. வெண்ணெய் 115 கிராம், டார்க் சாக்லேட் 120 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 2, மைதா 65 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், கால் தேக்கரண்டி உப்பு. பேக்கிங் சோடாவோ பவுடரோ வேண்டாம்.

இந்தப் பட்டியலில் தண்ணீரைத் தேடிப்பாருங்கள். ஓடு நீக்கிய இரண்டு முட்டை சுமார் 100 கிராம். அதில் முக்கால் பங்கு நீர். வெண்ணெயில் நூற்றுக்கு 16 பங்கு நீர். 115 கிராமுக்கு 18 கிராம் ஆகிறது. மொத்தமே 93 கிராம்தான். அறை வெப்பநிலையில் ஒரு கிராம் நீரில் சுமார் இரண்டு கிராம் சர்க்கரை கரையும். அப்படியானால் இருக்கிற நீர் முழுவதும் 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கவே போதுமா என்பது சந்தேகம்.

பிரௌனி பிரௌனியாக இருப்பதன் ரகசியம் இந்தப் பற்றாக்குறையில் இருக்கிறது. மைதாவின் ஸ்டார்ச் நீரை உறிஞ்சி உப்பி இறுகினால்தான் கேக்கின் பஞ்சுத்தன்மை வரும். வெறும் நீரில் கோதுமை ஸ்டார்ச் 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே உப்பத் தொடங்கிவிடும். அடர்ந்த சர்க்கரைப் பாகில் அதற்கு 90 டிகிரிக்கு மேலும் தேவைப்படலாம். முட்டைப் புரதம் இறுகும் வெப்பநிலையையும் சர்க்கரை தள்ளிப்போடுகிறது. ஆகவே வெளிப்புறம் வெந்த நேரத்திலும் நடுப்பகுதி பாதி இறுகி, அல்வாப் பதத்தில் நிற்கும். மைதாவைக் கூட்டினால் பிரௌனி கேக் ஆகிவிடும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தாலும் அதே கதிதான்.

மேலே படரும் மெல்லிய, பளபளப்பான, விரிசல் விட்ட தோலுக்கும் சர்க்கரையே பொறுப்பு. முட்டையில் நன்றாகக் கரைந்த சர்க்கரை, அவனின் சூட்டில் மேற்பரப்பு காயும்போது முட்டைப் புரதத்தோடு சேர்ந்து கண்ணாடித் தாள்போல் படிகிறது. உள்ளே மாவு எழும்பி அடங்கும்போது அந்தத் தாள் விரிசல் விடுகிறது. நம் கடைகளில் கிடைக்கும் சர்க்கரை பெரிய பரல்; சீக்கிரம் கரையாது. மிக்ஸியில் நாலு சுற்று சுற்றி எடுத்து, முட்டையோடு வெளுத்து நுரைக்கும்வரை அடியுங்கள். உருக்கிய வெண்ணெய்–சாக்லேட்டைக் கை பொறுக்கும் சூட்டில் ஊற்றுங்கள். மிச்சப் பரலும் அந்தச் சூட்டில் கரையும். மைதாவையும் கோகோவையும் சலித்துப் போட்டபின், மாவு கண்ணில் படாத அளவுக்குக் கிளறினால் போதும். ஓயாமல் கிளறினால் குளூட்டன் வலுத்துப் பிரௌனி ரப்பராகும்.

முட்டை சேர்க்காதவர்கள் கொண்டைக்கடலை வேகவைத்த நீரை வற்றவைத்து நுரைக்க அடித்துப் பார்க்கலாம். கடலையிலிருந்து இறங்கிய புரதம் அதில் இருப்பதால் வெள்ளைக்கரு மாதிரியே நுரை கட்டும். தயிரும் கண்டென்ஸ்டு மில்க்கும் மென்மை தரும். விரிசல் தோலைத் தராது.

டின்னில் பட்டர் பேப்பரை இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரித்து, மாவை ஊற்றி, 175 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம் வேகவிடுங்கள். பல்குத்தும் குச்சியை நடுவில் விட்டால் ஈரத் துணுக்குகள் ஒட்டி வரவேண்டும். குச்சி சுத்தமாக வந்தால் பதம் தாண்டிவிட்டது என்று பொருள். வெளியே எடுத்தபிறகும் டின்னின் சூட்டில் உள்ளே வேக்காடு தொடரும்.

நடு அடுக்கு: மிக்ஸிக்குள் நடப்பது

கடையில் வாங்கும் பீனட் பட்டரைவிட வீட்டில் அரைப்பது மலிவு. எண்ணெயும் சேர்க்க வேண்டியதில்லை. தோல் நீக்கிய வறுகடலையை மிக்ஸியில் போட்டால் முதலில் பொடியாகும். பிறகு ஜாரின் ஓரத்தில் ஒட்டிக் கட்டி தட்டும். பலரும் இந்த இடத்தில் பொறுமையிழந்து எண்ணெயோ, அதைவிட மோசமாகத் தண்ணீரோ ஊற்றிவிடுகிறார்கள். வழித்துவிட்டு வழித்துவிட்டு, மோட்டார் சூடாகாமல் இடைவெளி கொடுத்து ஓட்டினால், கட்டி இளகி, பளபளத்து, சட்டென்று ஓடத் தொடங்கும்.

அந்தத் திருப்பம் ஏன் வருகிறது? கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். ஆனால் அது செல்களுக்குள், கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக, ஒவ்வொன்றும் தனிப் புரத உறைக்குள் அடைபட்டிருக்கிறது. வறுபடும்போது அந்த உறைகள் நலிகின்றன. பிளேடு மீதியைக் கிழிக்கிறது. துகள்கள் எல்லாவற்றையும் நனைக்கிற அளவுக்கு எண்ணெய் வெளியேறிய கணத்தில், பொடி விழுதாகிறது.

தண்ணீர் கூடாது என்றதற்கும் காரணம் உண்டு. பீனட் பட்டர் என்பது எண்ணெயில் மிதக்கும் புரத, மாவுத் துகள்கள். ஒரு கரண்டி நீர் விழுந்தால் துகள்கள் அதைக் கவ்விக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி, விழுது கெட்டியாகிவிடும். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டு நீர் பட்டதும் திரிந்து இறுகுவதும் இதேபோலத்தான். அங்கே ஒட்டிக்கொள்பவை சர்க்கரைத் துகள்கள். ஆகவே சாக்லேட்டை உருக்கும் கிண்ணமும் கரண்டியும் ஈரமில்லாமல் இருக்கட்டும். கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கினால் ஆவி உள்ளே அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அடுக்குக்கு பீனட் பட்டர் 200 கிராம், இளகிய வெண்ணெய் 50 கிராம், ஐசிங் சுகர் 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. வெறும் பீனட் பட்டரைப் பரப்பினால் ஏன் ஆகாது? மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்துபோகும். பக்கத்தில் இருக்கிற கடலை எண்ணெய் அசையாது. தேங்காய் எண்ணெயின் உருகுநிலை 24, 25 டிகிரி. கடலை எண்ணெயோ ஃபிரிட்ஜில்கூட முழுதாக உறையாது. 200 கிராம் பீனட் பட்டரில் இருக்கும் சுமார் 100 கிராம் எண்ணெயைக் கட்டி நிறுத்த வேறொரு கொழுப்பு வேண்டும். அதுதான் வெண்ணெய். குளிரும்போது பால்கொழுப்பு நுண்படிகங்களாகி வலைபோல் பின்னிக்கொள்ள, எண்ணெய் அதில் சிக்கி நிற்கிறது. வெண்ணெயில் உள்ள சொற்ப நீரை ஐசிங் சுகர் இழுத்துக்கொண்டு கலவைக்குச் சப்பாத்தி மாவுப் பதம் தருகிறது. எண்ணெய் பிரிந்து மிதக்கிற வகை பீனட் பட்டர் என்றால், அடிவரை நன்றாகக் கலக்கிவிட்டு, வெண்ணெயை இன்னும் 20 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிரௌனி முழுதாக ஆறியபிறகே இதைப் பரப்ப வேண்டும். வெண்ணெய் 35 டிகிரியை நெருங்கும்போது ஏறத்தாழ முழுவதும் உருகிவிடும். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிற பிரௌனி அந்த வலையை அவிழ்க்கப் போதும். எண்ணெய் அடியில் இறங்கிப் பிரௌனியை நனைக்கும். இரண்டு அடுக்குக்கும் நடுவிலிருந்த கோடு மறையும்.

மேலடுக்கு: ஐந்தாம் படிகம்

கோகோ வெண்ணெய் விசித்திரமான கொழுப்பு. ஒரே பொருள் ஆறு விதமாகப் படிகமாகும். முதல் வகை 17 டிகிரியை ஒட்டி உருகும். ஆறாவது சுமார் 36-இல். சாக்லேட் செய்பவர்கள் வேண்டுவது ஐந்தாம் வகை. ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும், பளபளக்கும், உடைத்தால் சத்தம் கேட்கும், நாக்கில் கரையும். உருக்கிய சாக்லேட்டை 45 டிகிரிவரை ஏற்றி, 27-க்கு இறக்கி, மறுபடி 31, 32-க்குக் கொண்டுவந்தால் இந்த வகை மட்டும் நிலைக்கும். இதற்குப் பெயர் டெம்பரிங். அறையே 33 டிகிரியில் கொதிக்கும் கோடையில், ஏசி இல்லாத வீட்டில் அது நடக்கிற காரியமில்லை.

நல்லவேளை, அடுக்கு பிரௌனிக்கு அந்தப் பளபளப்பும் படக்கென்று உடைகிற விறைப்பும் தேவையும் இல்லை. விறைத்த சாக்லேட்தான் கத்தியின்கீழ் வெடிக்கிறது. மேலே கல், கீழே களி என்று இருந்தால், கல்லை உடைக்கக் கொடுக்கும் அழுத்தம் களியைப் பக்கவாட்டில் தள்ளத்தான் செய்யும். மேலடுக்கைக் கொஞ்சம் இளக்குவதுதான் வழி.

150 கிராம் டார்க் சாக்லேட்டில் சுமார் 50 கிராம் கோகோ வெண்ணெய் இருக்கும். அதில் 30 கிராம் பீனட் பட்டர் கலந்தால், ஏறக்குறைய 15 கிராம் திரவ எண்ணெய் சேருகிறது. மொத்தக் கொழுப்பில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கோகோ வெண்ணெயின் படிகங்களுக்கு இடையில் இந்த எண்ணெய் புகுந்து நிற்பதால், அடுக்கு உறையும், ஆனால் விறைக்காது. கத்தி இறங்கும்போது வளைந்துகொடுக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. நடு அடுக்கின் கடலை எண்ணெய் நாளடைவில் மெல்ல மெல்ல மேலே உள்ள சாக்லேட்டுக்குள் ஏறும். அது கோகோ வெண்ணெயின் ஒழுங்கைக் கலைத்து, சாம்பல் பூத்ததுபோன்ற வெள்ளைப் படலத்தைக் கொண்டுவரும். கடலை வைத்த சாக்லேட் செய்யும் ஆலைகளுக்கு இது பழைய தலைவலி. மேலேயும் கீழேயும் எண்ணெயின் அளவில் வித்தியாசம் குறைந்தால், ஏறும் வேகமும் குறையும்.

கடைகளில் டார்க் காம்பவுண்ட் என்ற பெயரில் விலை குறைவாகக் கிடைப்பது வேறு சரக்கு. கோகோ வெண்ணெய்க்குப் பதில் பனைவிதைக் கொழுப்பு போன்ற தாவரக் கொழுப்பு அதில் இருக்கும். டெம்பரிங் இல்லாமலே உறையும் என்பதால் வீட்டில் கேக் செய்து விற்பவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அதை மட்டும் தனியாகப் பயன்படுத்தினால் பிரச்சினை இல்லை. அசல் சாக்லேட்டோடு பாதிக்குப் பாதி கலந்தால், இரு கொழுப்புகளும் ஒன்றின் படிகத்தை மற்றது கெடுத்துக்கொண்டு, இரண்டுமே சரியாக உறையாது. பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஊற்றும் சூடு, வெட்டும் சூடு

பீனட் பட்டர் அடுக்கை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சாக்லேட் கலவை 32 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும்போது ஊற்றுங்கள். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், ஒரு சொட்டை உதட்டின் கீழ்ப்புறம் தொட்டுப் பாருங்கள்: சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு ஊற்றினால் நடு அடுக்கின் வெண்ணெய் உருகி இரண்டும் கலந்துவிடும். நடு அடுக்கை ஃபிரீசரில் கல்லாக்கி வைத்திருந்தால், சாக்லேட் தொட்ட இடத்திலேயே உறைந்து சமமாகப் பரவாது. இரண்டும் நன்றாக ஒட்டவும் ஒட்டாது.

ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் உறையவிட்டு, பட்டர் பேப்பரோடு தூக்கி வெளியே எடுத்து, பத்து நிமிடம் கழித்து வெட்டுங்கள். நீளமான கத்தியை வெந்நீரில் முக்கி, நன்றாகத் துடைத்து, மேலிருந்து நேராக இறக்குங்கள். ரம்பம்போல் இழுக்க வேண்டாம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்தால் அடுக்கின் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று பூசிக்கொள்ளாது.

கொழுப்பாலான மேல் இரண்டு அடுக்கும் பிரௌனியின் ஈரம் வெளியேறாமல் மூடி காக்கின்றன. மூடி வைத்தால் ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். செய்த அன்றைவிட மறுநாள் ருசி கூடியிருக்கும். ஒரு எச்சரிக்கை: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்று குளிர்ந்த சாக்லேட்டில் பட்டதும் நீராக வியர்க்கும். அந்த நீர் மேற்பரப்பின் சர்க்கரையைக் கரைத்து, காய்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைத் திட்டாக விட்டுப்போகும். டப்பா மூடியபடியே வெளிச்சூட்டுக்கு வரட்டும். வெள்ளை பூத்துவிட்டால் விரலால் தேய்த்துப் பாருங்கள். மறைந்தால் கொழுப்பு, மறையாமல் சொரசொரத்தால் சர்க்கரை. இரண்டாலும் உடம்புக்குக் கெடுதல் இல்லை.

கெடுதல் இருப்பது வேறிடத்தில்

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. தேடிப் போனதில், தீவனத்தில் இருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கும், அதில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளாவஸ் என்ற பூஞ்சையும், அது சுரந்த அஃப்ளடாக்சின் நஞ்சும் அகப்பட்டன. கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடிய இந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாக அழியாது. எனவே வறுப்பதற்கு முன்பே கடலையைத் தட்டில் கொட்டி, சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். வாயில் போட்டால் கசக்கிற கடலை இருக்கும் சரக்கை வாங்கவே வேண்டாம்.

கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு துணுக்குகூட ஆபத்து. தொண்டை வீங்கி மூச்சடைத்து உயிருக்கே உலை வைக்கக்கூடும். இந்தப் பிரௌனியில் சாக்லேட்டின் நிறமும் மணமும் கடலையை மறைத்துவிடும் என்பதால், சாப்பிடுபவர் தானாகக் கண்டுகொள்ள வழியில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கோ, பள்ளி விழாவுக்கோ, அலுவலகத்துக்கோ கொடுத்தனுப்பும்போது டப்பாவின்மேல் 'நிலக்கடலை சேர்த்தது' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.